எகிப்திலும் சங்கக்கடை உண்டு

1

எங்களுக்குக் கலியாணமாகி இந்த மாதத்தோடு மூன்று வருடம். இங்குள்ளவர்கள் அந்த நாளில் மெழுகுதிரி ஏற்றி வைத்த சாப்பாட்டுக் கடைக்குப் போவார்கள். நாங்கள் அரபுப் படம் பார்க்கப் போகிறோம். "இந்த முறை எங்கை போவம்?" என்று நான் ஒரு மரியாதைக்குக் கேட்பேன். "வேறை எங்கை, சமீர் அண்ணையின்ரை படத்துக்குத்தான்" என்பாள் மலர். எங்கள் இருவருக்கும் அரபு தெரியாது. அது ஒரு குறையாக இதுவரை தெரியவில்லை.

சிட்னியில் மரிக்வில் என்ற பகுதியில் குடியிருக்கிறோம். கீழே கிரேக்கர் ஒருவரின் மீன்கடை. மேலே இரண்டு பிளாற்றுகள். ஒன்றில் நாங்கள், எதிரில் எகிப்துக்காரரான சமீரும் அவர் மனைவி நவாலும் பதின்மூன்று வயது மகளும். நானும் மலரும் வேலைக்குப் போவதால் எங்கள் மகளைப் பகலில் அடுத்த தெருவில் உள்ள ஒரு கிரேக்க அம்மா பார்த்துக்கொள்கிறார். விளைவு, இரண்டு வயதுப் பிள்ளை தண்ணீர் வேண்டுமென்றால் "நெரோ" என்கிறாள். ஆங்கிலம் வந்து பிள்ளையைக் கொண்டு போய்விடும் என்று நாங்கள் வாசலில் காவல் இருந்தோம். கிரேக்கம் பின்கதவால் வந்துவிட்டது. "தண்ணி எண்டு சொல்லு செல்லம்" என்று மலர் மல்லுக்கட்டுவாள். பிள்ளை சற்று யோசித்துவிட்டு, அம்மாவுக்குக் காது கேட்கவில்லைப் போலும் என்று இன்னும் உரக்க "நெரோ" என்பாள்.

ஊரில் இப்போது கியூ இல்லை என்று ஊர்ச் சிநேகிதர்கள் எழுதுகிறீர்கள். ஆட்சி மாறிக் கடைகளில் எல்லாம் வந்து குவிந்துவிட்டதாம். சந்தோஷம். ஆனால் பாணுக்கும் சீனிக்கும் நீங்கள் நின்ற அந்தக் கியூக்களை அதற்குள் மறந்துவிடாதீர்கள். அந்தக் கியூவைப் பற்றி வாயைத் திறந்ததால் எனக்கு மலர் கிடைக்காமல் போகப் பார்த்தது. அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

நான் இங்கு வந்தது எழுபத்து நாலில். யாழ்ப்பாணத்தில் படவரைஞனாக வேலை பார்த்தவன். இங்கும் அதே வேலைதான், பாலங்களுக்குப் பதில் கழிவுநீர்க் குழாய்கள். காலையில் ரயில், மாலையில் ரயில், நடுவே பென்சில். வந்த புதிதில் தமிழில் பேச ஆளில்லாமல் குளிக்கும்போது எனக்கு நானே பேசிக்கொண்டேன். மலர் அப்போது ஊரில் இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமீர் என் கதவைத் தட்டினார். "படம் பார்க்க வா. தனியாக இருந்தால் மூளை புளித்துவிடும்" என்றார். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் வேறு வேறு இடங்களில் அடிபட்டு வந்தவை, ஆனாலும் எங்களுக்குள் ஒத்துப்போயின. அவர் பேசியதை இங்கே என் தமிழில் தருகிறேன்.

கிழமை நாட்களில் சமீர் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் அடுப்புப் பார்ப்பவர். ஞாயிறுகளில் ஒரு பழைய தியேட்டரை வாடகைக்கு எடுத்து எகிப்துப் படங்கள் காட்டினார். காலையில் அதே தியேட்டரில் கிரேக்கப் படம். அது முடிந்து கிரேக்கர்கள் வெளியே வர, அரபுக்காரர்கள் உள்ளே போவார்கள். படப்பெட்டிகள் பெய்ரூத்தில் இருந்து வரும், இரண்டு ஞாயிறு ஓடும், பிறகு மெல்பேணுக்குப் போய்விடும். வாசலில் சமீர் கோட்டுப் போட்டுக்கொண்டு ரிக்கற் கிழிப்பார். உள்ளே பூசணி விதை கொறிக்கும் சத்தத்தில் முதல் பத்து நிமிடம் ஒன்றும் கேட்காது.

அன்றைக்கு ஓடியது ஒரு சிரிப்புப் படம். நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. முதல் காட்சியிலேயே ஒரு கடை, கடைக்கு முன்னால் தெருமுனை வரை மனிதர்கள், எல்லார் கையிலும் கூப்பன் துண்டு. கடைச் சுவரில் வானொலிப் பெட்டி ஒன்று தொங்குகிறது. அதில் மந்திரி பேசுகிறார். சமீர் என் காதில், "நாட்டில் கோழி ஏராளமாக இருக்கிறது என்கிறார்" என்றார். அந்த நேரம் கடைக்காரர் வெளியே வந்து, "கோழி முடிந்தது" என்று கதவைப் பூட்டுகிறார். தியேட்டர் இடிந்து விழுவதுபோலச் சிரித்தது. நானும் சிரித்தேன். மொழிபெயர்ப்பு வருமுன்னரே சிரித்துவிட்டேன் என்பதை சமீர் கவனித்தார்.

"உனக்கு எப்படி விளங்கியது?" என்று கேட்டார்.

"அது எங்கள் சங்கக்கடை" என்றேன்.

அந்தப் படத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். கடை எங்கள் சங்கக்கடை போன்ற ஒரு கூட்டுறவுக் கடை. மனேச்சரின் மகள் அங்கே கூப்பன் வெட்டுகிறாள். அரசாங்கக் கந்தோர்க் கிளாக்கர் ஒருவன் அவளைப் பார்ப்பதற்காகவே தினமும் கியூவில் நிற்கிறான். மணிக்கணக்காக நின்று அவளிடம் வந்து சேர்ந்ததும், ஒன்றும் வாங்காமல் திரும்பிப் போய்க் கியூவின் வாலில் மறுபடி நிற்கிறான். கியூவில் நிற்கும் கிழவிகளுக்கு விஷயம் பிடிபட்டு, அவனுக்காக இடம் பிடித்து வைக்கிறார்கள். ஒரு நாள் மந்திரி அந்த வழியால் வருகிறார். பொலிஸ் ஓடி வந்து, கியூவில் நிற்பவர்களின் கையில் ஆளுக்கொரு கொடியைக் கொடுக்கிறது. மறுநாள் பத்திரிகையில் படம் வருகிறது, மந்திரியை வரவேற்கத் தெருவெல்லாம் மக்கள் வெள்ளம் என்று.

எல்லாரும் கண்ணில் நீர் வரச் சிரித்து முடிந்தபின் சமீரின் மகள் ஆங்கிலத்தில் கேட்டாள், "டாட், அவர் என்ன சொன்னார்?" சமீர் விளக்கினார். பிள்ளை மரியாதைக்குச் சிரித்தாள். சமீர் கொஞ்ச நேரம் திரையைப் பார்க்காமல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அன்று பிள்ளை இல்லை, அதனால் அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. இப்போது படுகிறது.

3

மலரும் நானும் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தவர்கள். அவள் முன்னால் பெண்கள் வரிசையில், நான் பின்னால் கம்பியைப் பிடித்தபடி. இரண்டு வருடத்தில் நாங்கள் நேருக்கு நேர் பேசியது ஒரு சின்னக் கொப்பியில் எழுதி முடிக்கலாம். வீட்டில் தெரிந்து, அழுகை நடந்து, கடைசியில் எனக்கு அவுஸ்திரேலியா சரிவந்ததும் அவளுடைய தகப்பனார் மனம் இளகினார். கந்தையா மாமா ஓய்வு பெற்ற தபால் அதிபர். எதையும் முத்திரை குத்தி நேரே வைப்பவர்.

அவளை இங்கே வரவழைக்க விண்ணப்பித்தபோது குடிவரவு அலுவலகத்தில் ஒரு இளம் அதிகாரி, "நீங்கள் இருவரும் காதலிக்கிறீர்களா?" என்று கேட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து அரசாங்கம் அப்படிக் கேட்கும் என்று நான் நினைத்தும் பார்க்கவில்லை. ஆமென்று தலையாட்டினேன். ஆதாரம் வேண்டும் என்றார். மலரின் கடிதங்களை மொழிபெயர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பொறுமையாக வாசித்தார். செத்தல் மிளகாய் விலை, மண்ணெண்ணெய் வராதது, கிணற்றில் தண்ணீர் வற்றியது, மாடு கன்று போட்டது.

"இதில் காதல் எங்கே இருக்கிறது?"

"சேர், எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி வேறு எந்த ஆணுக்கும் மிளகாய் விலையை இவ்வளவு விபரமாக எழுத மாட்டாள்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், சிரித்தார், கோப்பை மூடினார். விசா கிடைத்தது. அது குறித்த தவணைக்குள் அவள் வந்து சேர வேண்டும், வந்து மூன்று மாதத்துக்குள் கலியாணம் முடிய வேண்டும். இரண்டு முத்திரைக்கு நடுவே ஒரு காதல் என்று சமீரிடம் சொன்னேன். "எங்கள் படங்களில் காதலுக்கு ஐந்து முத்திரை வேண்டும்" என்றார்.

4

கடிதத்தில் எழுத முடியாததை எல்லாம் கசற்றில் பேசி அனுப்பலாம் என்று அந்த நாட்களில் ஒரு நம்பிக்கை இருந்தது. யாருடைய நம்பிக்கை என்று தெரியவில்லை. கடிதத்தையாவது வீட்டுக்குள் ஐந்து பேர்தான் வாசிப்பார்கள். வெளிநாட்டில் இருந்து கசற் வந்தால் ஒழுங்கை முழுவதும் கேட்கும். மலர் வீட்டு ஒழுங்கையில் சிங்கப்பூர் போய் வந்த ஒருவரிடம் ரேப் றெக்கோடர் இருந்தது. அதை இரவல் வாங்கி முற்றத்தில் ஸ்டூல் போட்டு வைப்பார்கள். சுற்றிவரக் கதிரை, பாய். தேநீர் ஊற்றுவார்கள். அதற்கு நடுவே மலர் குசினிக் கதவோடு நிற்பாள். இப்படியொரு சபையில் ஒருவன் தன் பெண்ணிடம் என்னதான் சொல்வது?

அதனால் படக்கதை சொன்னேன்.

மாமா, மாமி, எல்லாருக்கும் சுகம் விசாரித்துவிட்டு, "போன கிழமை ஒரு எகிப்துப் படம் பார்த்தனான், அந்தக் கதையைச் சொல்லுறன் கேளுங்கோ" என்று தொடங்கினேன். ஊரில் உள்ளவர்களுக்கு விளங்க வேண்டும் என்று எல்லாவற்றையும் நம்முடையதாக்கினேன். கூட்டுறவுக் கடையைச் சங்கக்கடை ஆக்கினேன். கோழிக்குப் பதில் சீனியும் மாவும். கந்தோர்க் கிளாக்கர், எங்கள் மாவட்டக் கச்சேரிக் கிளாக்கர் ஆனான். மனேச்சர் பின்னறையில் ஒளித்து வைத்துப் பெரிய மனிதரின் காருக்கு அனுப்பும் கோழிகள், சீனி மூட்டை ஆயின. படத்து மனேச்சரின் மூக்குக்கண்ணாடியில் ஒரு காம்பு முறிந்து, அதற்கு நூல் கட்டியிருந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் விடாமல் சொன்னேன்.

பிறகு கிளாக்கர் அவளிடம் வந்து சேரும் இடம் வந்தது. படத்தில் அந்த இடத்தில் அவன் ஒரு சொல்லும் பேசவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நிற்பான், பின்னால் வயலின் அழும். ஆனால் என் கசற்றில் அவன் பேசினான்.

"நான் சீனிக்கு வரேல்லை. இந்தக் கியூவின்ரை முடிவிலை நீர் இருக்கிறீர் எண்டுதான் வாறன். கியூ இன்னும் நீளமாய் இருந்தாலும் பறவாயில்லை. ஒவ்வொரு நாளும் வாலிலை இருந்து தொடங்கச் சொன்னாலும் தொடங்குவன். நீர் மட்டும் கடையைப் பூட்டிப்போட்டுப் போயிடாதையும்."

பேசி முடித்ததும் றெக்கோடரை நிறுத்திவிட்டு எழுந்து போய் முகம் கழுவினேன். என் வாழ்நாளில் நான் பேசிய முழுக் காதல் வசனமும் அவ்வளவுதான். அதை மலர் புரிந்துகொள்வாள் என்று நம்பினேன். அடுத்த நாள் காலையில் கசற்றைத் தபாலில் போட்டேன்.

5

அதற்கு அடுத்த கிழமை மலரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. செத்தல் மிளகாய் விலைக்குக் கீழே இரண்டு வரி. ஊர்ச் சங்கக்கடையின் பழைய மனேச்சரை நிறுத்திவிட்டார்களாம், கணக்கு வழக்குத் தெரிந்த நேர்மையான ஆள் வேண்டுமென்று எல்லாரும் கெஞ்சி அப்பாவை அந்த இடத்தில் இருத்தியிருக்கிறார்களாம். என் கசற் அப்போது வானத்தில் எங்கோ பறந்துகொண்டிருந்தது.

மாமாவின் கடிதம் மூன்று கிழமையில் வந்தது. மனிதர் கோபத்திலும் கந்தோர் நடையை விடவில்லை. "மேற்படி கசற் சம்பந்தமாக இத்தால் அறியத்தருவது" என்று தொடங்கியது. எகிப்து தேசத்தில் பிரமிட்டும் ஒட்டகமும் இருப்பதைத் தாம் படித்திருப்பதாகவும், சங்கக்கடை இருப்பதாக எந்தப் புத்தகத்திலும் காணவில்லை என்றும், தம்மை ஊரார் முன் இழிவுபடுத்தக் கற்பிக்கப்பட்ட கட்டுக்கதைக்கு வெளிநாட்டுப் பெயர் சூட்டியதைத் தாம் உணர்ந்துகொண்டதாகவும் எழுதியிருந்தார். மகளின் பயணம் மறு அறிவித்தல் வரை நிறுத்தப்படுகிறது. பாஸ்போட் தம்முடைய மேசை லாச்சியில் பத்திரமாக உள்ளது.

என்ன நடந்தது என்பது மலர் ஒரு சிநேகிதியின் வீட்டிலிருந்து எழுதிய கடிதத்தில் இருந்தது. கசற் ஓடிய அன்று முற்றம் நிறைந்த சனம். அது முழுவதும் மாமாவின் கியூவில் நிற்கும் சனம். முதலில் எல்லாரும் அமைதியாகக் கேட்டார்களாம். மூக்குக்கண்ணாடி வந்த இடத்தில் ஒருவர் "ஹ்ம்" என்றாராம். மாமாவின் கண்ணாடிக் காம்பு ஒரு மாதத்துக்கு முன்தான் முறிந்தது. புதியது இறக்குமதி இல்லை. நூல் கட்டியிருந்தார். முற்றம் கொல்லென்று சிரித்ததாம். மலர்தான் எல்லாவற்றையும் எனக்கு எழுதிக் கொடுத்தாள் என்று அவளுக்கும் ஏச்சு. அன்றுதொட்டு மாமாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு புதுப் பெயர் ஓடியது. எகிப்து மனேச்சர்.

அந்த நூலை நான் நினைத்துப் பார்த்தேன். இரண்டு நாடுகளில், ஒன்றையொன்று அறியாத இரண்டு மனேச்சர்கள், ஒரே காரணத்துக்காகக் கண்ணாடிக்கு நூல் கட்டியிருக்கிறார்கள். இதை யாரிடம் சொன்னாலும் நம்பப் போவதில்லை. இரண்டு கிழமை சரியாகச் சாப்பிடவில்லை. விசாவின் தவணை தன் பாட்டுக்குக் குறைந்துகொண்டிருந்தது. மலர் வராமல் போய்விடுவாள் என்ற பயம் ஒரு காய்ச்சலாக என்னைப் பிடித்தது.

6

சமீரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "எகிப்தில் சங்கக்கடை இல்லை என்றா சொல்கிறார்?" என்று கேட்டார். நாட்டின் மானத்துக்கு அடி விழுந்துவிட்டது என்ற தோரணை.

அந்தப் படத்தின் பெட்டி அப்போது மெல்பேணில் ஓடி முடிந்து, திரும்பும் வழியில் சிட்னியில் ஒரு ஞாயிறு தங்கியது. அன்றைக்கு அறிவித்த படத்தை ஒதுக்கிவிட்டு சமீர் இதையே மறுபடி போட்டார். நான் றெக்கோடரைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு நடு வரிசையில் இருந்தேன். மந்திரியின் வானொலிப் பேச்சு, "கோழி முடிந்தது", தியேட்டரின் சிரிப்பு, பூசணி விதை, எல்லாம் பதிவாயின. படம் முடிந்ததும் சமீர் வீட்டுக் குசினியில் உட்கார்ந்தோம். நவால் கோப்பி ஊற்றினாள். "தபால் அதிபர் என்றால் ஆங்கிலம் தெரியும்தானே? நானே பேசுகிறேன்" என்று சமீர் மைக்கை வாங்கினார். கழற்றியிருந்த கோட்டை மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஐயா, என் பெயர் சமீர். எகிப்தில் சங்கக்கடை உண்டு. நான் அலெக்சாந்திரியாவில் அப்படி ஒரு கடையில் எண்ணெயும் சவர்க்காரமும் கொடுத்தவன். சாமான் வராத நாளில் நான் வெளியே போய் முடிந்தது என்று சொல்ல வேண்டும். வராதது என் குற்றம் இல்லை. ஆனால் சொல்பவன் நான். என் சொந்த மைத்துனியே நான் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நம்பினாள்."

எனக்கு இது புதுச் செய்தி. நவால் கோப்பிப் பாத்திரத்தை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"இந்தப் படம் எங்கள் ஊரில் ஓடியபோது போகாமல் இருக்கலாம் என்று நினைத்தேன். போகாவிட்டால் மடியில் கனம் என்பார்கள். போனேன். எனக்குப் பின்வரிசை முழுவதும் என் கியூ. மனேச்சர் வந்த நேரமெல்லாம் என் முதுகைப் பார்த்துச் சிரித்தார்கள். பயத்தில் நானும் சிரித்தேன். அந்தக் கொடிக் காட்சி வந்ததும் அவர்கள் சிரித்த சிரிப்பு வேறு. அது என்னைப் பார்த்து அல்ல. அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. மந்திரியைப் பார்த்து நேரே சிரித்தால் பொலிஸ் வரும். அதனால் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மந்திரிக்குக் கிட்ட அவர்கள் கைக்கு எட்டுகிற ஆள் நான்தான். ஐயா, அதுவும் அந்த வேலையில் ஒரு பகுதி. சம்பளத்தில் அதைச் சேர்க்க மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். இந்தப் பையன் நல்லவன். மகளை அனுப்புங்கள்."

றெக்கோடரை நிறுத்தினேன். பிறகு நவால் அரபில் ஏதோ கேட்டாள். சமீர் தலையை அசைத்தார். அந்தப் படத்துக்குப் போய் வந்த கதையைத் தன் மனைவியிடம்கூட அதுவரை சொன்னதில்லை என்று பின்னொரு நாள் என்னிடம் சொன்னார். படத்தில் நான் பார்த்துச் சிரித்த மனேச்சர் இத்தனை நாளும் என் எதிர்க் கதவுக்குள் இருந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது.

7

இனிச் சொல்வது மலர் சொன்னது.

இரண்டாவது கசற்றை மாமா முற்றத்தில் போட விடவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்து, றெக்கோடரை அறைக்குள் கொண்டுபோய், மலரை மட்டும் கூப்பிட்டாராம். மிஷினை இயக்க அவருக்குத் தெரியாது. தியேட்டர்ச் சிரிப்பைக் கேட்டார். சமீரைக் கேட்டார். மறுபடி போடச் சொன்னார். பிறகு, "இவன் மெய்யாய் எகிப்துக்காறனோ, இல்லாட்டிப் பருத்தித்துறையான் ஆரும் இங்கிலிசை முறிச்சுக் கதைக்கிறானோ?" என்று கேட்டாராம்.

"எகிப்துக்காறர்தான் அப்பா."

"பிள்ளை, அப்ப முதல் கசற்றிலை அவர் என்னை நினைச்சுச் சொல்லேல்லையோ?"

மலர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாளாம், "அதிலை உங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை அப்பா. அது முழுக்க எனக்குச் சொன்னது."

இந்த இடத்தில் நான் மலரை நிறுத்தி, உண்மையாகவே அப்படிச் சொன்னாயா என்று கேட்டேன். என்னோடு பஸ்ஸில் கண்ணை நிமிர்த்தாத பெண், தகப்பனுக்கு முன்னால் நின்று அதைச் சொல்லியிருக்கிறாள். "வேறை என்ன செய்யிறது? நீங்கள் படத்தைச் சொல்லிப் பிழைக்கப் பாத்தியள், எனக்கு அதுவும் இல்லை" என்றாள்.

அந்தக் கிளாக்கர் பேசும் இடத்தை மாமாவும் முற்றத்தில் இருந்து கேட்டவர்தானே. சட்டைப் பையில் இருந்து திறப்பை எடுத்தார், லாச்சியைத் திறந்தார், பாஸ்போட்டை எடுத்துத் துடைத்து அவள் கையில் கொடுத்துவிட்டுக் கடையைத் திறக்கப் போய்விட்டார்.

எனக்கு அவர் எழுதவில்லை. சமீருக்கு எழுதினார், ஆங்கிலத்தில், தட்டச்சில். மூட்டை கிழிந்து சிந்தும் மாவையும் எலி தின்பதையும் அலெக்சாந்திரியாவில் எந்தக் கணக்கில் காட்டுவார்கள் என்று கேட்டிருந்தார். சமீர் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முழு ஞாயிறும் ரிக்கற் கிழித்தார். அதற்கான பதிலை என்னையும் உட்கார்த்தி வைத்து மூன்று தடவை எழுதினார். மகளைக் கூப்பிட்டு எழுத்துப் பிழை பார்க்கச் சொன்னார். அவள் வாசித்துவிட்டு, "டாட், நீ கடையா வைத்திருந்தாய்?" என்று கேட்டாள். அன்றைக்கு அவர் அவளுக்குச் சொன்ன எதையும் விளக்க வேண்டி வரவில்லை.

8

தவணை முடிய ஒன்பது நாள் இருக்கும்போது மலர் வந்து இறங்கினாள். சமீர் தன் காரில் என்னை விமான நிலையத்துக்குக் கொண்டுபோனார். நவால் பூங்கொத்தோடு வந்தாள். கதவு திறந்து மலர் ஒரு பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். அவளுக்கு முன்னால் போய் நின்று, "பிளேனிலை சாப்பாடு தந்தவங்களோ?" என்று கேட்டேன். சமீர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

காரில் பின்னால் இருந்து பேசிக்கொண்டு வந்தோம். கொழும்பு வரை யார் வந்து வழியனுப்பியது என்று கேட்டேன்.

"தம்பிதான் வந்தவன்."

"மாமா வரேல்லையோ?" இன்னும் கோபம் போகவில்லைப் போலும் என்று நினைத்தேன்.

"அப்பா வாறதெண்டுதான் இருந்தவர். வேட்டி எல்லாம் மடிச்சு வைச்சவர். அண்டைக்குக் காலமைதான் மா லொறி வந்தது. இருபது நாளுக்குப் பிறகு. தான் நிண்டு நிறுக்காட்டிச் சனம் நம்பாது எண்டு கடைக்குப் போயிட்டார். கார் போகேக்கை கடைவாசலிலை நிப்பாட்டினனாங்கள். பெரிய கியூ. தராசை விட்டிட்டு வரேல்லை. கையெல்லாம் மா. அங்கை நிண்டபடிதான் போயிட்டு வா எண்டு சொன்னவர். கியூவிலை நிண்ட சனம் எல்லாம் எனக்குக் கை காட்டினது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சமீர் முன்னால் இருந்து, "ஏன் அழுகிறாள்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டார்.

"அப்பா ஒண்டு கேக்கச் சொன்னவர்" என்றாள் மலர். "அந்தப் படத்திலை, மகள் கலியாணத்துக்குப் போகேக்கை அந்த மனேச்சர் கடையைப் பூட்டிப்போட்டுப் போனவரோ எண்டு."

படத்தில் அந்த மனேச்சர் கடையைப் பூட்டினார். புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு, ஒளித்து வைத்த கோழிகளை எல்லாம் திறந்து விட்டுவிட்டு, கலியாண வீட்டில் மகளின் கையைப் பிடித்து ஆடினார். அதோடுதான் படம் முடிகிறது. சமீருக்கும் தெரியும். கார்க் கண்ணாடியில் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை" என்றேன். "கடைசி ஆளுக்கு நிறுத்துக் குடுக்கும்வரைக்கும் கடை திறந்துதான் இருந்தது எண்டு மாமாவுக்கு எழுதும்."